அஞ்சுமுகத் தொட்டி

மாப்ள,

இந்தத் தாளில் நாற்றம் இன்னும் போகவில்லை. மீன் கழுவிய தண்ணீரும் தின்னரும் கலந்த மாதிரி ஒரு வீச்சம். பூச்சில் கலக்கிற ஹார்டனர் டின்னைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அதேதான். ஐந்து மாதம் கழித்தும் நாலாக மடித்த ஒரு காகிதத்தில் இது எப்படித் தங்கியது என்று எனக்கு விளங்கவில்லை. ஆவியாகிப் போக வேண்டிய பொருள். போகவில்லை.

தாள் எங்கள் கடையின் குறிப்புத் தாள். அதில் இருப்பது என் கையெழுத்து. 10 × 10 = 100. அதற்குக் கீழே 100 × 5 = 500. அதற்கும் கீழே இரண்டு கோடு. விடை வந்துவிட்டால் நான் இரண்டு கோடு போடுவேன். "இனிமே இதுல பேச்சே இல்லைங்கிற மாதிரில போடுற" என்று நீ சிரிப்பாய். ஐநூறு சதுர அடி. தப்பான விடை. அது தப்பு என்று ஐந்து மாதமாக எனக்குத் தெரியும். நேற்று மதியம் வரை உன் சுமதிக்குத் தெரியாது. நேற்றுதான் இந்தத் தாளை அவள் என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. மதிப்பீடு எழுதுவேன், அளவுப் பட்டியல் எழுதுவேன். இதையும் அப்படியே எழுதிவிட்டு எழுந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. நீ குறுக்கே குறுக்கே பேசிக்கொண்டே இருக்கிறாய்.

உனக்கும் எனக்கும் பழக்கமானதே இந்தக் கணக்கில்தான். பாலிடெக்னிக் முதல் வருடம். நான் திண்டுக்கல் டவுன், இங்கிலீஷ் மீடியம். நீ குஜிலியம்பாறையிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாய், தமிழ் மீடியம். வாத்தியார் போர்டில் ஒரு கனச்சதுரம் வரைந்து, சர்ஃபேஸ் ஏரியா என்று எழுதி, ஆறு ஏ ஸ்கொயர் என்றார். நீ என் தொடையில் தட்டினாய்.

"ஏலே, இது நம்ம புறப்பரப்புதானே?"

"ஆமா. பேசாம எழுது."

"புறம்னா வெளிய. ஒருத்தன் உள்ள நின்னு வெள்ளையடிச்சா அதுக்கு என்ன பேரு? அகப்பரப்பா?"

"ரெண்டும் ஒண்ணுதான்டா. ஒரே நம்பர்தான் வரும்."

"எப்படிலே ஒண்ணாகும்? வெளிய அடிக்கிறவனுக்குக் காத்து வரும். உள்ள அடிக்கிறவன் வேர்த்துச் சாவான்."

வாத்தியார் இருவரையும் வெளியே நிற்க வைத்தார். நீ முன்கூட்டியே எதையோ உணர்ந்து சொன்னாய் என்றெல்லாம் நான் இப்போது கதை கட்ட மாட்டேன். லீவு நாட்களில் உன் சித்தப்பாவோடு வெள்ளையடிக்கப் போவாய். அந்த அனுபவத்தில் சொன்னாய், அவ்வளவுதான். ஆனால் அது சரியான கேள்வி. புத்தகத்தில் அகத்துக்கும் புறத்துக்கும் ஒரே எண்தான். மூச்சு விடுகிறவனுக்கு ஒன்றில்லை. அதை நான் படித்த எந்தப் பாடத்திலும் யாரும் மார்க்குக்குக் கேட்கவில்லை.

கணக்கில் மூன்று முறை தவறி நீ நின்றுவிட்டாய். நான் டிப்ளமோ முடித்து, மேலே இன்ஜினியரிங்கும் முடித்து, பூச்சுப் பொருட்கள் விற்கிற ஒரு கடையில் டெக்னிக்கல் ஆளாகச் சேர்ந்தேன். ஒருநாள் மேலெல்லாம் சுண்ணாம்புப் பொட்டோடு நீ கவுண்டரில் வந்து நின்றாய். "மாப்ள, நீயா! அப்ப இனிமே எனக்கு அளவு போட ஆள் இருக்கு" என்றாய். அதிலிருந்து எட்டு வருடம் நீ வேலை பிடிப்பாய், நான் சதுர அடி போட்டுத் தருவேன். எத்தனை லிட்டர், எத்தனை கோட்டு பூச்சு, எத்தனை டின், எல்லாம் என் பொறுப்பு.

உண்மையைச் சொன்னால் உனக்கு நான் தேவையே இல்லை. உனக்கென்று ஒரு முறை இருந்தது. அறைக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு சுவராகப் போய் உள்ளங்கையால் ஒரு அடி வைப்பாய். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அப்புறம் குதிகாலால் தரையில் ஒரு இடி, அஞ்சு. கடைசியில் அண்ணாந்து பார்த்து மேலே விரலை நீட்டுவாய். "ஆறுமுகம். நம்ம பழனிக்காரரு." மேலே திறந்த தொட்டியாக இருந்தால் விரலை நீட்ட மாட்டாய். "இது அஞ்சுமுகம், குத்துவிளக்கு" என்பாய். உன்னோடு வேலை பார்த்த அந்தோணி அண்ணன் ஒரு நாள் டீ வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்துக் காட்டினார். ஆறு சதுரமும் சிலுவையாகக் கிடந்தது. "உங்க ஆறுமுகத்தைப் பிரிச்சா எங்க ஆளு வர்றாரு பாரு" என்றார். நீ விடவில்லை. மூடிச் சதுரத்தைக் கிழித்துவிட்டு, "இப்ப என்ன வந்துச்சு? கூட்டல் குறி. கடைசில எல்லாம் இந்த இன்ஜினியருகிட்டதான் வந்து நிக்குது" என்றாய்.

ஒரு நூல் மில்லில் இரும்பு டிரம்களுக்குப் பெயிண்ட் அடித்தோமே, நினைவிருக்கிறதா? நான் டேப் எடுத்து வரக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் நீ கைலியை அவிழ்த்து டிரம்மைச் சுற்றிக் கட்டியிருந்தாய். டவுசரோடு நின்று, "ஒரு கைலி சுத்து, ஒரு ஆளு ஒரு கை உயரம். பெருக்கு" என்றாய். நான் விட்டம் அளந்து, பையால் பெருக்கி, வளைபரப்பு கண்டுபிடித்தேன். இரண்டு சதுர அடிதான் வித்தியாசம். அந்தோணி அண்ணன், "இவரு பை இல்லாமலே கணக்குப் போடுறாரு, நீ படிச்சுப்புட்டு பையத் தூக்கிட்டு அலையுற தம்பி" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அன்று மட்டுமில்லை. படிக்காத உன் விடை என் விடைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும். இதை உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் இது கணக்கில் சேர வேண்டிய விஷயம்.

நத்தம் ரோட்டில் அந்தப் புதுக் கல்யாண மண்டபம். தரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி, உள்ளே கசியாதபடி பூச்சு அடிக்கிற வேலை. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி ஆழம். மேலே கான்கிரீட் மூடியிருந்தது, ஒரு ஓரத்தில் ஆள் இறங்க இரண்டடிக்கு இரண்டடி வாய். நீயும் நானும் மண்டபத்துக்காரரும் அந்த மூடியின் மேலேதான் நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு இன்னொரு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. நீ இறங்கிப் பார்க்கிறேன் என்றாய். நான்தான் வேண்டாம் என்று, வாய் வழியாக டேப்பை விட்டு அளக்கச் சொன்னேன்.

மண்டபத்துக்காரர் சொன்னார்: "நாலு பக்கமும் நல்லா பூசிருங்க தம்பி. ஒரு இடம் விடக்கூடாது."

நான் தாளை எடுத்தேன். நாலு பக்கம், நாலு சுவர். தரை ஒன்று. ஐந்து.

நீ கேட்டாய். "மேல?"

"மேல என்ன மேல? தண்ணி அவ்வளவு தூரம் நிக்காது."

"இல்லடா, அவரு நாலு பக்கமும்னாரு."

"நாலு பக்கம்னா நாலு. நான் தரையையும் சேர்த்துத்தான் போட்டிருக்கேன்."

"எங்க ஊர்ல நாலு பக்கமும்னா எல்லாம்தான் மாப்ள. மூடிக்கு அடிப்பக்கம் சேரும்ல? ஒரு வார்த்தை அவருகிட்ட கேட்டுக்கிருவோம்."

"என்னத்தக் கேக்குறது? நான் போட்டா சரியாத்தான் இருக்கும்."

இரண்டு கோடு போட்டேன். தாளைக் கிழித்து உன் சட்டைப்பையில் செருகினேன். மண்டபத்துக்காரர் பத்தடி தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால் அரை நிமிடம்.

அவர் தமிழில் பேசினார். உனக்கு அது தமிழாகவே கேட்டது. ஊரில் எவனைக் கேட்டாலும் நாலு பக்கமும் என்றால் எங்கும் என்றுதான் அர்த்தம் சொல்வான். நாலு பக்கமும் தேடினேன் என்றால் கிழக்கு மேற்கு வடக்கு தெற்கு மட்டும் தேடிவிட்டு வந்தேன் என்றா அர்த்தம்? எனக்கு அது நாலு என்கிற எண்ணாகக் கேட்டது. அதைவிடக் கேவலம், நாம் ஆறாவது முகத்தின் மேல் செருப்போடு நின்றுகொண்டிருந்தோம். உள்ளே இறங்கியிருந்தால் நீ அண்ணாந்து பார்த்து விரலை நீட்டியிருப்பாய். மேலே நின்றதால் அது நமக்குத் தரையாகிவிட்டது.

இரண்டு நாள் வேலை ஒழுங்காக நடந்தது. காற்று ஊதுகிற ப்ளோயரை வாடகைக்கு எடுத்துத் தொட்டி வாயில் வைத்தீர்கள். நீ உள்ளே, அந்தோணி அண்ணன் மேலே. அடிக்கொரு தரம் பேர் சொல்லிக் கூப்பிடுவார், நீ உள்ளேயிருந்து பதில் சொல்வாய். ஐநூறு சதுர அடிக்கு அனுப்பிய பொருள் ஐநூறு சதுர அடிக்குச் சரியாக வந்தது. அதில் நான் தப்பே செய்யவில்லை. மூன்றாம் நாள் காலை ப்ளோயர் வாடகைக் கடைக்குத் திரும்பிப் போனது. அந்தோணி அண்ணன் வத்தலக்குண்டில் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

பதினோரு மணிக்கு உன் போன் வந்தது. நான் கொடைரோட்டில் ஒரு குடோன் கூரையின் மேல் அளந்துகொண்டிருந்தேன்.

"மாப்ள, ஒரு முகம் மிச்சம்லே. மண்டபத்துக்காரரு லைட்டு அடிச்சுப் பாத்துட்டு, மூடி அடிப்பக்கம் வெறுங்கான்கிரீட்டா கெடக்குன்னு கத்துறாரு. கம்பி துருப்புடிச்சு தண்ணில கொட்டும்ங்கிறாரு. சரிதானே அவரு சொல்றது?"

சரிதான். மூடிய தொட்டியில் தண்ணீர் ஆவி மேலே போய்ப் படியும். நான் படித்தது அது. தப்பு என்னுடையது என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் எனக்கு வந்தது வருத்தம் இல்லை மாப்ள, எரிச்சல்.

"நூறு அடிதானேடா? கடை வண்டில ஒரு டின் ஏத்திவிடச் சொல்றேன். அடிச்சு முடிச்சுரு."

"ப்ளோயரைத் திருப்பிக் குடுத்தாச்சே. அண்ணனும் ஊருக்குப் போயிட்டாரு. நாளைக்கு வச்சுக்குவமா?"

"பத்து நாள்ல முகூர்த்தம், காயவே ஏழு நாள் வேணும். ஒரு முகத்துக்கு எதுக்குடா நாளைக்கு? செத்த நேர வேலை. சீக்கிரம் அடிச்சுட்டு மேல ஏறு."

அப்புறம், "சரி, நீ சொன்னா சரி. டின்ன அனுப்பு" என்றாய். வைத்துவிட்டாய்.

நான் டின்னை அனுப்பினேன்.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனம். மேலே எழும்பாது, தொட்டிக்குள் கீழேயிருந்து நிரம்பிக்கொண்டே வரும். முந்தின நாள் பூசிய ஐந்து முகமும் இன்னும் காய்ந்திருக்காது. அவையும் விட்டுக்கொண்டே இருக்கும். இதெல்லாம் டின்னோடு வருகிற தாளில் அச்சடித்திருக்கிறது. மற்றவர்களுக்கு அதைப் படித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நாலரை மணிக்கு மண்டபத்துக்காரர் கூப்பிட்டார். உன் போனில் கடைசியாகப் பேசிய எண் என்னுடையது. வாட்ச்மேன் மூன்று முறை தம்பி தம்பி என்று கூப்பிட்டுப் பார்த்தாராம். தீயணைப்பு வண்டி வந்துதான் உன்னை மேலே தூக்கினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வாயருகே ஒரு கம்பியில் உன் நல்ல சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே லைட் அடித்துப் பார்த்தேன். மூடியின் அடிப்பக்கம் பாதி பூசியிருந்தாய். ஓரம் வெட்டி, மூலை விடாமல், ஒழுங்காக.

உன் சாவில் எல்லோரும் பேசினார்கள். "அவசரக்காரப் பய" என்றார் ஒருவர். "குடிச்சிருப்பானோ" என்றார் இன்னொருவர். ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த உன் மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க தம்பி, நீங்க படிச்சவிய. காத்து ஊதுற மிசின் இல்லாம எதுக்குங்க எறங்குனாரு?" என்று கேட்டார்.

"அவசரப்பட்டுட்டான்" என்றேன்.

பொய்கூட இல்லை. யாருடைய அவசரம் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை அங்கிருந்து கிளம்பி ஊரெல்லாம் சுற்றியது. படித்தவன் சொன்ன வார்த்தை.

நாகல் நகர் வாடகை வீட்டிலேயே சுமதி உன் பாப்பாவோடு இருக்கிறாள். அப்பா கூப்பிட்டும் போகவில்லை. அரசாங்கத் தேர்வு எழுதப் போகிறேன் என்றாள். இரண்டாவது மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் போய்க் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். நல்லவன் என்று நினைத்துக்கொள்ளாதே. வீட்டில் உட்கார முடியவில்லை, போனேன். வேகமாகப் பிடித்துக்கொள்கிறாள். சதவீதம், விகிதம், வேலையும் நேரமும், எல்லாம் முடிந்தது. உங்க ஊரு தக்காளிகூட 'ங்க' போட்டுத்தான் அழுகும் என்று நீ கிண்டல் செய்வாயே, அந்தப் பேச்சு மாறவில்லை. ஒரு பாடம் மட்டும் நான் தாண்டித் தாண்டிப் போனேன். பரப்பளவும் கன அளவும்.

"அதுல ரெண்டு கேள்விதான் வரும். விடும்மா" என்பேன்.

"ரெண்டு கேள்வின்னாலும் மார்க்குதானுங்கண்ணா."

"அடுத்த வாரம் பாப்போம்."

ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறும்போது, இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அவள் காபி கொண்டுவந்து வைத்து, "உங்களாட்ட யாருங்கண்ணா செய்வாங்க" என்று ஒரு முறை சொன்னாள். அதன் பிறகு இன்னும் கஷ்டமாகிவிட்டது. இப்படியே மூன்று மாதம்.

நேற்று போனபோது அவளே பாடத்தை ஆரம்பித்திருந்தாள். பாப்பாவின் பிஸ்கட் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டிருந்தாள். அது சிலுவையாகக் கிடந்தது. பாப்பா அதன் மேல் உட்கார்ந்து பென்சிலால் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கனச்சதுரம்னா ஆறுங்கண்ணா, நானே பிரிச்சுப் பாத்துட்டேன். ஒரு பக்கத்தோட பரப்பை ஆறால பெருக்கோணும். சரிங்களா?"

"சரி."

"ஒரே ஒரு சந்தேகமுங்க." உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். "இது அவரு சட்டைப்பையில இருந்துச்சுங்க. அந்தச் சட்டைய நான் இன்னும் துவைக்கலீங்க. உங்க கையெழுத்துதானுங்களே? இதுவும் பத்துக்குப் பத்துதான் போட்டிருக்கீங்க. இதுல மட்டும் எதுக்குங்கண்ணா அஞ்சால பெருக்குனீங்க?"

கேள்வியில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பாடத்தில் புரியாத இடத்தைக் கேட்கிற மாதிரி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். எழுதிக்கொள்வதற்காகக் காத்திருந்தாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது மூடி இல்லாத தொட்டிம்மா. மேல திறந்திருந்தா அஞ்சுதான்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வாய் தயாராக இருந்தது.

அவள் தலையை ஆட்டிக்கொண்டே நோட்டில் எழுதினாள். மூடி இல்லாத தொட்டி, ஐந்து முகம். எழுதி முடித்தாள். பேனா நின்றது. நோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மூடி இல்லாத தொட்டிங்களா?"

"ம்."

"அப்புறம் எப்படிங்கண்ணா அவருக்கு மூச்சு முட்டுச்சு?"

பாப்பா பென்சிலை உருட்டிவிட்டாள். அது உருண்டு என் கால் பக்கம் வந்து நின்றது. அதை எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் சொன்னேன். முதலிலிருந்து, வரிசையாக. டேப்பை விட்டு அளந்தது, நாலு பக்கமும் என்று அவர் சொன்னது, மேல என்று நீ கேட்டது, பதினோரு மணி போன், டின். எதையும் விடவில்லை. அழவும் இல்லை. அளவுப் பட்டியல் வாசிக்கிற குரலில்தான் சொன்னேன். எனக்கு வேறு குரல் வரவில்லை.

"மேல்பக்கம் இல்லையான்னு அவரு கேட்டாருங்களா?"

"கேட்டான்."

"கேட்டாருங்களா…"

"ரெண்டு தடவை கேட்டான்மா. மண்டபத்துக்காரர்கிட்ட கேப்போம்னுகூடச் சொன்னான். நான்தான் விடல. நாளைக்குச் செய்யலாம்னும் சொன்னான்."

அவள் தாளை ஒரு முறை திருப்பிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "எல்லாரும் அவரு அவசரக்காரருன்னு சொன்னாங்க. எங்கப்பாகூடச் சொன்னாரு. நானும் அப்படித்தானுங்க நெனச்சேன். எங்க ரெண்டு பேரையும் ஒரு நிமிசம் நெனச்சிருந்தா எறங்கியிருப்பாரான்னு, அஞ்சு மாசமா அவரு மேல கோவத்துல இருந்தேனுங்க. பாப்பாவுக்குச் சோறு ஊட்டறப்பகூடத் திட்டிக்கிட்டேதான் ஊட்டுவேன்."

மாப்ள, உன் உயிர் போனதற்கு நான் காரணம் என்பதை ஐந்து மாதமாகச் சுமந்துகொண்டுதான் இருந்தேன். அதற்குத் தயாராக இருந்தேன். இதற்குத் தயாராக இல்லை. செத்த பிறகும் உன்னை அந்த வீட்டில் தினமும் திட்டு வாங்க வைத்திருக்கிறேன். நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக. திட்டியவளுக்கும் அது எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்தால்… விடு. அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

அவள் நோட்டில் அந்த வரியை அடித்தாள். ஒரே கோடு. மேலே ஆறு என்று எழுதினாள். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் முன்னால் வைத்தாள்.

"இது உங்க கையெழுத்துங்க. நீங்களே வச்சுக்கங்க. எங்கப்பாகிட்ட நீங்களே போய்ச் சொல்லிருங்க. நான் சொன்னா, செத்தவருக்காகப் பரிஞ்சு பேசறேன்னு நெனப்பாரு."

"சொல்றேன்மா."

"இனிமே கணக்கு நானே போட்டுக்கறேனுங்க."

எழுந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் வாசல் வரை வந்து, போயிட்டு வாங்கண்ணா என்பாள். நேற்று வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே "சரிங்க" என்றாள். அண்ணாவும் இல்லை, வாங்கவும் இல்லை. பாப்பா மட்டும் அட்டையின் மேல் உட்கார்ந்து கையை ஆட்டினாள். வாசலில் நின்று செருப்பு மாட்டும்போது உள்ளே அவள் குரல் கேட்டது. பாப்பாவிடம் இல்லை. மூலையில் ஆணியில் உன் சட்டை தொங்குகிற பக்கம் பார்த்துப் பேசினாள் என்று நினைக்கிறேன். "ஆறுன்னுதானுங்களே சொன்னீங்க" என்றாள். அதற்கு மேல் நிற்க எனக்கு யோக்கியதை இல்லை.

சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை. வரும் ஞாயிறு ஒட்டன்சத்திரம் போகிறேன். மார்க்கெட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருக்கிற இடத்திலேயே, நாலு பேர் முன்னால், உன் மாமனாரிடம் சொல்லப் போகிறேன். அந்தோணி அண்ணனிடமும் சொல்வேன். அவர்கள் என்னை அடிக்கலாம், அடிக்காமலும் விடலாம். இரண்டிலும் உனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த மண்டபத்தில் இப்போது வாரத்துக்கு இரண்டு கல்யாணம் நடக்கிறது. மிச்சமிருந்த பாதியை வேறு ஆள் வைத்துப் பூசிவிட்டார்கள். தொட்டி கசியவில்லையாம்.

வேலையை விடவில்லை. எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். இப்போது எந்த இடத்துக்குப் போனாலும் அளப்பதற்கு முன்னால் உன்னைப் போலச் சுவர் சுவராகப் போய்க் கை வைக்கிறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. குதிகாலால் தரையை இடிக்கிறேன். கூட வந்தவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அதன் பிறகு கழுத்து தானாக மேலே போகிறது. விரலை மட்டும் நீட்ட முடியவில்லை.

டேப் வைத்து அளந்தால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு அளவு வருகிறது. எழுதிக்கொள்கிறேன், சரியாகத்தான் எழுதுகிறேன். ஆனால் அண்ணாந்து பார்க்கிற அந்த நேரத்தில், குடோனாக இருந்தாலும், என் படுக்கையறையாக இருந்தாலும், எந்தக் கூரையும் எனக்கு நூறு சதுர அடியாகத்தான் தெரிகிறது. பாதி பூசி, பாதி மிச்சமாக.